மார்கழிக்கு மலையேறிய செர்ரி

கார்த்திகை பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் தங்கவில்லை. வழக்கம்போலப் பையனைத்தான் சந்தேகப்பட்டோம். சளி பிடிக்கும், டான்சில் வீங்கும் என்று அவனுக்கு ஒரு பாட்டம் திட்டும் விழுந்தது. அன்று ராத்திரியே மாமா பின்வாசலில் கையும் டிரேயுமாகப் பிடிபட்டார். செர்ரித் தொட்டியில் ஐஸைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

மாமாவின் செர்ரியைத் தெரியாதவர்கள் சேலம் அழகாபுரத்தில் இருக்க முடியாது. இஸ்திரி போடுகிறவர்கூடத் துணியை எண்ணுவதற்கு முன்னால் "செர்ரி எப்படிங்க இருக்கு?" என்றுதான் கேட்பார். போன தையில் ஹிமாச்சலிலிருந்து கூரியரில் இரண்டு குச்சிகள் வந்தன. எதற்கு இரண்டு என்று வாயைக் கொடுத்தேன், பொருத்தம் பார்க்கும் வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. இனிப்புச் செர்ரியில் பெரும்பாலான ரகங்கள் தன் மகரந்தத்தில் தானே காய்க்காதாம். வேறு ரகம் பக்கத்தில் வேண்டுமாம். அதிலும் பிங், லாம்பர்ட், நெப்போலியன் மூன்றையும் சேர்த்து நட்டால்கூட ஒன்றுக்கொன்று உதவாதாம். "மூணும் ஒரே கூட்டம்மா. பங்காளிக்குள்ள பொண்ணெடுப்போமா?" என்றார். கனடாவில் 1968இல் வெளியிட்ட ஸ்டெல்லா என்ற ரகத்துக்குத் துணையே வேண்டாமாம். அது கிடைக்கவில்லை என்பதில் மாமாவுக்கு என் நாத்தனார் கல்யாணத்தில் பந்தி பற்றாமல் போனதைவிடப் பெரிய வருத்தம்.

இரண்டில் ஒன்று கத்தரி வெயில் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. மிஞ்சியது, துணையில்லாமல் காய்க்கவே வழியில்லாத ஒற்றைக் குச்சி. அதற்குத்தான் இத்தனை ஐஸும்.

ஐஸ் எதற்கு என்றால், அந்த மரம் குளிர்காலத்தில் 7 டிகிரிக்கும் கீழான குளிரில் சுமார் 700 முதல் 1000 மணி நேரமாவது தூங்க வேண்டும். அப்போதுதான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். சேலத்தில் 18 டிகிரிக்கு இறங்கினாலே மாமா மஃப்ளர் சுற்றிக்கொள்வார். "தாத்தா, குளிர் தெரிய வேண்டியது மொட்டுக்கு. நீங்க வேருக்கு ஐஸ் வைக்கிறீங்க" என்று பையன் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். வாங்கிய திட்டுக்குப் பழிவாங்கியிருக்கிறான். ஐஸ் நின்றது. ஏற்காடு ஆரம்பித்தது.

அங்கேயும் 12, 13 டிகிரிதானே மாமா என்று சொல்லிப் பார்த்தேன். "காக்பர்ன் துரை 1820கள்ல ஏற்காட்டுக்குக் காபி கொண்டு வந்தாரு, பேரி கொண்டு வந்தாரு. அவர்கிட்டயும் இப்படித்தான் நாலு பேர் சொல்லியிருப்பாங்க" என்றார்.

"அவரு கலெக்டரு. தண்ணி ஊத்த ஆள் இருந்தாங்க. உங்களுக்கு நான்தானே ஊத்தறேன்" என்று அத்தை அடுப்படியிலிருந்தே முடித்து வைத்தார்.

கிளம்புவதற்கு முன் இருந்த நாலு இலையையும் உருவிவிட்டார். ஜாவாவில் ஆப்பிள் மரத்தை இப்படி இலை உருவித்தான் பூக்க வைக்கிறார்கள். அது உண்மைதான், நானே தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் ஏற்காடு பஸ்ஸில் பார்த்தவர்களுக்கு, மஃப்ளர் கட்டிய பெரியவர் ஒருவர் ஒரு தொட்டி மண்ணில் செத்த குச்சியை நட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். லக்கேஜ் போடணும் என்றார் கண்டக்டர். காய்த்தால் உனக்கு ஒரு கிலோ என்றார் மாமா. கண்டக்டர் குச்சியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஒரு கை கம்பியில், ஒரு கை குச்சியில். முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் மட்டும்தான் அதற்குக் கொடுக்கவில்லை.

ஏற்காட்டுச் சின்னம்மா வீட்டுக் கொல்லையில், சில்வர் ஓக்கில் மிளகு ஏறியிருக்கும் மரத்துக்குப் பக்கமாக வைத்துவிட்டு வந்தோம். தினமும் ராத்திரி போன். "அங்க எத்தனை டிகிரி?" தங்கச்சி சாப்பிட்டாளா என்று ஒரு நாள் கேட்டதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். அத்தையும் வந்தார். கொல்லைக்குப் போனால் குச்சியைக் காணோம். தொட்டி இருக்கிறது. தொட்டியிலிருந்து ஒரு அவரைக்கொடி பூவும் பிஞ்சுமாக மிளகைத் தொடுகிற உயரத்துக்கு ஏறி நிற்கிறது.

"நீங்க வச்சுட்டுப் போன குச்சி நல்ல உறுதிங்கண்ணா. சும்மா நிக்குதேன்னு ரெண்டு அவரை ஊணினேன். எப்படிப் புடிச்சிருக்கு பாருங்க" என்றார் சின்னம்மா, ஏதோ மெடல் வாங்கப்போகிறவர் மாதிரி.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து கொடியை மெதுவாக விலக்கினார். செம்பழுப்பில் பளபளவென்று பட்டை, குறுக்குவாட்டில் சின்னச் சின்னக் கோடுகள். விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளே ஈரமாகப் பச்சை. "உசிர் இருக்குது" என்றார். கொடியைப் பிடுங்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். பூவைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "காய்ச்சு முடியட்டும். பூத்ததைப் பிடுங்கக் கூடாது."

திரும்பும்போது மடியில் தொட்டிக்குப் பதிலாக ஒரு பை அவரைக்காய். வளைவுகளில் பேச்சுக்கு ஆள் கிடைத்தால் போதுமென்று நான்தான் கேட்டேன்: மாம்பழத்துக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஏன் மாமா செர்ரி?

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "சிம்லா பக்கம் குஃப்ரியில உங்க அத்தை செர்ரி தின்னுக்கிட்டே, இது மட்டும் நம்ம வீட்டுல இருந்தா எப்படி இருக்கும்னா. வேற எதையும் அவ இதுவரைக்கும் வேணும்னு கேட்டதில்லம்மா."

முன்சீட்டில் தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்த அத்தை திரும்பினார். "பழத்தையா சொன்னேன்? அந்தக் குளிரைச் சொன்னேன். ஒரு ஏசி போடுங்கன்னு எத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன், அது காதுல ஏறல."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடிவாரம் வரும்வரை பேச்சே இல்லை. பாவமாகத்தான் இருந்தது. பஸ் கோரிமேட்டைத் தாண்டும்போது என் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்மா, ஏசியில 16 டிகிரி வரைக்கும் வைக்கலாமில்ல? தொட்டி ரூமுக்குள்ள நுழையுமா?"