சுங்கை சிப்புட்டிலிருந்து தொடர்புத்துறைக்கு

"பேசறதுக்கெல்லாமா யூனிவர்சிட்டி?" என்றுதான் அம்மா கேட்டார். மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்து, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூபியூவில் தொடர்புத்துறையை, அதாவது ஊடகப் படிப்பை, முதல் தேர்வாகப் போட்டிருந்தேன். அப்பாவின் கவலை வேறு. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019-இல் நின்றபோது, தினமும் அதை வாங்கிப் படித்தவர் அவர். பத்திரிகைப் படிப்பு என்றாலே அவருக்குப் பயம் வந்துவிட்டது.

இப்போது எங்கள் ஊரான பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டின் தம்பி தங்கைகள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்கிறார்கள்: எவ்வளவு ஆகும்? நம்மவர்கள் இருப்பார்களா?

பக்கத்துக் கம்பாரில் யூடார் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. ஆனால் அது தனியார், மொத்தக் கட்டணம் பல்லாயிரம் வெள்ளி (ரிங்கிட்). எனக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பருவக் கட்டணம் ஆயிரம் வெள்ளிக்குள் அடங்கியது, விடுதி தனி. கட்டணத்துக்காக யாரும் பயப்பட வேண்டாம். நெருக்கடி முதல் இரண்டு மாதம்தான். பதிவு நாளில் கட்ட வேண்டியது, பஸ், வாளி, தலையணை என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். காணொளி வெட்டி ஒட்டத் தாங்குகிற லேப்டாப் வேறு. பழையதாகப் பார்த்தே 1,800 வெள்ளி ஆனது. அம்மா சங்கிலியை அடகு வைத்தார்.

அது தேவைப்பட்டிருக்காது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. பி40, அதாவது வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டில் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, உயர்கல்விக் கடன் தரும் அரசு நிறுவனமான பிடிபிடிஎன் 1,500 வெள்ளி முன்பணம் தருகிறது. பிறகு கடனில் கழித்துக்கொள்வார்கள். அதற்கு அவர்களின் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை. கணக்கைத் தாமதமாகத் திறந்ததால் முன்பணம் போயிற்று, கடன் பணமும் ஏழாவது வாரத்தில்தான் வந்தது. முடிவு வரும் வரை காத்திருக்காதீர்கள், கணக்கை இப்போதே திறந்துவிடுங்கள். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா என்ற சேவைக் கட்டணம் உண்டு. முதல் வகுப்பில் தேறினால் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம்.

சரி, இரண்டாவது கேள்வி. என் வகுப்பில் 90 பேர், இந்தியர்கள் ஆறு பேர். 2020 கணக்கெடுப்பில் நாம் 6.7 விழுக்காடு என்பதால் கணக்குச் சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் விரிவுரை அரங்கில் உட்காரும்போது ஆறு என்பது மிகச் சிறிய எண். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், அதிலும் பெண்கள். சபா, சரவாக்கிலிருந்தும் நிறையப் பேர். முதல் பருவத்தில் நாங்கள் ஆறு பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். குழு வேலைக்கும் ஒன்றாகவே சேரப் பார்த்தோம், விரிவுரையாளர் பிரித்துவிட்டார். அப்போது கோபம் வந்தது, இப்போது நன்றி.

இரண்டாம் ஆண்டு ஆவணப்படத்துக்கு என் குழு சுங்கை சிப்புட்டைத் தேர்ந்தெடுத்தது. 1948-இல் இங்கே வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டது, அதையடுத்து மலாயாவில் அவசரகாலம் வந்தது எல்லாம் பாடப்புத்தகத்தில் அவர்கள் படித்தவை. ஊரை யாரும் பார்த்ததில்லை. கேமராவைத் துறையிலிருந்து இரவல் வாங்கினோம். பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் ஐந்து பேர் பங்கு போட்டோம்.

அம்மாவைத்தான் பேச வைத்தோம். கோத்தா பாருவிலிருந்து வந்த தோழி மைக் பிடிக்க, ரப்பர் பால்மரம் வெட்டிய காலம், எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தது, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்த நாள் என்று நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசினார். அன்றிரவு நான் அதற்கு மலாயில் திரைக்கு அடியில் வரும் வசனம் எழுதினேன். "லயம்" என்ற சொல்லுக்குச் சரியான மலாய்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அப்படியே விடு என்றாள் தோழி. அப்படியே விட்டோம்.