தாத்தாவின் மெடலும் மணிப்பூர் ரோடும்

எங்கள் தாத்தா நேதாஜி படையில் இருந்தவர் என்று மாமா எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்வார். ஆதாரம் கேட்டால், "பர்மாவுக்குப் போனாரா இல்லையா?" என்பார். தாத்தா வாய்விட்டுச் சொன்னதாக வீட்டில் மிஞ்சியது ஒரே வரிதான்: "மணிப்பூர் ரோட்டுல இறங்கினோம், ஒரே மழை."

தாத்தாவுக்குப் பென்ஷன் கிடையாது. ராணுவத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. பவுடர் டப்பாவில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்றும் வட்ட மெடல் ஒன்றும் இருந்தன. நட்சத்திரத்தின் முகப்பிலேயே பர்மா ஸ்டார் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அது பிரிட்டிஷ் தரப்பில் நின்றவர்களுக்குக் கொடுத்தது. எதிர்ப்பக்கம் நின்ற நேதாஜி படைக்கு எப்படி வரும்? மாமாவின் கதை அன்றே ஆட்டம் கண்டது.

இரண்டாம் உலகப் போர் மெடல்களைப் பிரிட்டன் தன் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தது. இந்தியச் சிப்பாய்களின் மெடலில் எண்ணும் பெயரும் உண்டு. ஆனால் பாட்டி வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அந்த நட்சத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்! பின்பக்கம் வழவழவென்று இருந்தது. நல்லவேளை, வட்ட மெடலின் விளிம்பு தப்பித்திருந்தது. முகப்பவுடரைத் தடவித் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததில் எழுத்து தெரிந்தது: எம்.டி. என்று தொடங்கும் எண், தாத்தா பெயர், கடைசியில் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது ராணுவத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் பிரிவு. எம்.டி. என்றால் மோட்டார் டிரான்ஸ்போர்ட். தாத்தா லாரி டிரைவரா! ஊரில் அவர் சைக்கிள் ஓட்டிக்கூட யாரும் பார்த்ததில்லை.

அப்புறம் லண்டனுக்கு மின்னஞ்சல் அனுப்பி நாலு மாதத்தை வீணாக்கினேன். பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பெரும்பாலும் அதிகாரிகளின் கோப்புகள்தான். சாதாரண இந்தியச் சிப்பாயின் காகிதம் இந்தியாவிலேயே, அந்தந்தப் பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் தங்கிவிட்டது.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருந்த அண்ணாச்சி முதலில் கேட்டது, "பாட்டி இருக்காங்களா?" பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறதாம். பாட்டி போய்ப் பல வருஷம் ஆகிறது என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, தாத்தா பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தின் பெங்களூரு முகவரியை எழுதிக் கொடுத்தார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மெடலின் படம் எல்லாம் வைத்து அனுப்பினேன்.

பொருந்தும் பதிவு இல்லை என்று பதில் வந்தது. தப்பு என்னுடையது. ரேஷன் கார்டில் இருந்த எழுத்துக்கூட்டலில் பெயரை எழுதி, மாவட்டம் விருதுநகர் என்று போட்டிருந்தேன். 1985-க்கு முன் அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. இரண்டாவது கடிதத்தில் மெடலில் உள்ளபடியே பெயர், தாத்தாவின் அப்பா பெயர், சாத்தூர் தாலுகா, ராம்நாட் ஜில்லா என்று எழுதினேன்.

இந்த முறை ஒரு பக்கப் பதில். பென்ஷன் இல்லாமல் போனவரின் தனிக் கோப்பை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவது ராணுவ விதி. ஆனால் லாங் ரோல் என்று ஒரு பேரேடு நிரந்தரமாக இருக்கும். அதில் தாத்தாவுக்குக் கிடைத்தது ஒரு வரி: சேர்ந்தது 1942, வெளியே வந்தது 1946, காரணம் படைக்குறைப்பு.

மணிப்பூர் ரோடு எந்தச் சாலை என்று வரைபடத்தில் தேடித் தேடி அலுத்தேன். கடைசியில் பார்த்தால் அது சாலையே இல்லை, நாகாலாந்தில் உள்ள திமாபூர் ரயில் நிலையத்தின் அந்தக் காலப் பெயர்! அங்கே இறக்கிய சரக்கை லாரியில் ஏற்றி, கொஹிமா வழியாக இம்பாலுக்குக் கொண்டுபோவார்கள். 1944 மார்ச் கடைசியில் ஜப்பானியர் அந்தச் சாலையை அறுத்தார்கள். ஜூன் 22-ல்தான் திரும்பத் திறந்தது. அதுவரை இம்பாலுக்கு எல்லாம் விமானத்தில்தான். தாத்தா அப்போது திமாபூர் பக்கம் இருந்தாரா, இம்பால் பக்கம் மாட்டியிருந்தாரா என்று அந்த ஒரு வரி சொல்லவில்லை. தாத்தா இருந்த கம்பெனியின், அதாவது படை அணியின், எண் தெரிந்தால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூ.ஓ. 172 வரிசையில் அந்த அணியின் போர் நாட்குறிப்பைத் தேடலாம். அதிலும் சிப்பாய் பெயர் வருவது அபூர்வம்.

கடிதத்தை மாமாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னார்: "லாரி ஓட்டிட்டுப் போகும்போது நேதாஜியப் பார்த்திருக்கலாம்ல?"