மால்கோயிலில் வைத்த உருவாரம்

கன்று ஈன்ற சில நாட்களிலேயே எங்கள் செவலைப் பசுவுக்கு மடிநோய் கண்டபோது, அது தேறினால் சோமவாரப்பட்டியில் கால்நடைகளைக் காக்கும் திருமாலான ஆல்கொண்டமாலுக்கு மண்ணால் செய்த மாட்டு உருவாரம் வைத்துப் பால் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டு அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, திரிந்த பாலைப் பீய்ச்சி வெளியேற்றி மடியைக் கழுவிய பிறகு, அந்த விழுதை நீரில் கரைத்து நாளெல்லாம் பூசினோம். மருத்துவர் வந்து ஊசியும் போட்டார். வீக்கம் வடிந்து காம்பில் வெள்ளைப் பால் இறங்கியது. மருந்தைப் பலிக்கச் செய்தவர் மால்தான் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஐயமில்லை.

மாட்டுப் பொங்கலன்று விடியுமுன் கறந்த பாலில் ஒரு துளியும் வீட்டுக்கு எடுக்காமல் போசிப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு உடுமலை வழியாகப் புறப்பட்டோம். கோயிலுக்கு வெகு தொலைவிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வெயிலில் பால் கெட்டுவிடுமோ என்று அம்மா முந்தானையால் மூடியபடியே நடந்தார். மண் பொம்மைக்கு இரட்டை விலை சொன்னவர்களும், பணம் கொடுத்தால் வரிசையில் நிற்காமல் உள்ளே விடுவதாகக் கையைப் பிடித்து இழுத்தவர்களும் மனத்தை நோகடித்தார்கள். பாடுபடும் குடியானவர்கள் வரும் சந்நிதியில் இது தகாது.

மேயப்போன பசு தானாகவே புற்றில் பால் சொரிந்த இடம் இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தைப்பொங்கலன்று பிறக்கும் கன்று மாலுக்கு உரியது என்பதால், அதை ஏரில் பூட்டாமல் சலகெருதாக, அதாவது மாலுக்கு நேர்ந்துவிட்ட காளையாக வளர்த்து, மார்கழியில் உருமி முழங்க ஆடப் பழக்கி இங்கே அழைத்து வரும் ஊர்கள் இன்றும் உள்ளன.

சந்நிதியில் எங்கள் போசியை வாங்கிய பூசாரி, முன்னால் வந்த எத்தனையோ பட்டிகளின் பாலோடு அதையும் சேர்த்து அபிஷேகம் செய்தார். எவர் வீட்டுப் பால், எந்த ஊர்ப் பால் என்று பிரித்தறிய முடியாதபடி அது மாலின் மேனியில் வழிந்தோடியபோது, நோயில் பீய்ச்சித் தரையில் கொட்டிய பாலும், கன்றைக்கூட அண்டவிடாமல் வலியில் உதைத்த செவலையும் நினைவுக்கு வர, எனக்குப் பேச்சே எழவில்லை. அம்மா கைகூப்பி, “என் மாட்டைக் காப்பாத்திக் குடுத்திட்டயே சாமி” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நெருக்கிய கூட்டமும் எங்களைத் தள்ளாமல் சற்றே நின்றது. பசு, கன்று, காளை, ஆடு என்று குவிந்திருந்த உருவாரங்களுக்கிடையே எங்களுடையதையும் வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு வீட்டின் கண்ணீர் இருக்கும்.

ஆல்கொண்டமாலே, வாயில்லாச் சீவனுக்கு நீ செய்த உதவிக்கு எங்களிடம் ஈடில்லை. செவலையின் அடுத்த ஈற்று தைப்பொங்கலன்று அமைந்தால், அந்தக் கன்றை உனக்கே விடுவதென்று அம்மா வேண்டியிருக்கிறார். அவ்வாறே அமைய அருள்செய்.