பெடல்

மார்ச் 17, திங்கள்
ராத்திரி போர்வைக்குள் வலது காலால் உதைத்தேனாம். காபி கொடுக்கும்போது மனைவி சொன்னாள். அதோடு சரி, வேறு பேச்சில்லை.

மார்ச் 19, புதன்
லிங்கராஜபுரத்து மெக்கானிக் அண்ணன் காரின் பிரேக் ஆயில் மூடியைத் திறந்தார். டிகாக்‌ஷன் நிறம். "எப்ப தம்பி மாத்துனே?" மாற்றவே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ரெண்டு வருஷம் இருக்கும் என்றேன். அவர் நம்பவில்லை.

புது டாட் 4 ஆயில் 230 டிகிரி தாங்கும். காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக் குடித்து 155-க்கு வந்துவிடுமாம். நந்தி மலை இறக்கம் முழுக்க கியரைக் குறைக்காமல் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறேன். உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. நான் அமுக்கியது அந்த ஆவியைத்தான், சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. பிரேக் பிடிக்காமல் போனது அதனால்தான். 230 குதிரைத்திறன் ஆர்எஸ் கார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எப்படி நிற்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான்.

மார்ச் 22, சனி
ஆசைப்பட்டது 355 மில்லிமீட்டர் டிஸ்க், ஆறு பிஸ்டன், சிவப்புக் காலிப்பர். அட்டையில் அளவு வெட்டி வைத்துப் பார்த்தேன். 17 இஞ்ச் வீலில் இடிக்கிறது. அண்ணனுக்கு போன். "மிதிச்சா இப்பவே டயர் வழுக்குற அளவுக்குப் பிடிக்குது. பெரிய டிஸ்க் சூட்டைத் தாங்கும், அவ்வளவுதான். நீ என்ன வாராவாரம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்லயா ஓட்டுறே?"
தூங்குமுன் சிவப்பை மறுபடி பார்த்தேன். பார்க்கக் காசா.

மார்ச் 26, புதன்
புது பிரேக் பேட் இன்னும் கஸ்டம்ஸில்.

மார்ச் 31, திங்கள்
நேற்று உகாதி, இன்று ரம்ஜான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு முழுக்க ஷட்டர். பாட்டி வீட்டுக்கு மெட்ரோவிலேயே போகலாம் என்கிறாள் பாப்பு. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

ஏப்ரல் 3, வியாழன்
பேட் வந்துவிட்டது. ஸ்டீல் பின்னல் ஹோஸும் மாட்டியாயிற்று. நம்பர் கூடினால் உசத்தி என்று நினைத்து டாட் 5 வாங்கப் பார்த்தேன். அது சிலிக்கான், பழையதோடு சேராது என்று அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். 5.1 ஊற்றினோம். அப்புறம் ஏர் எடுக்கும் வேலை. அவர் அடியில், நான் சீட்டில். பின்னிடது சக்கரம் முதலில்.
"அமுக்கு. பிடி. விடாதே. ம், விடு."
குழாயில் குமிழி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றது. நான் இறங்கவில்லை, அமுக்கிக்கொண்டே இருந்தேன்.
"போதும் தம்பி."

ஏப்ரல் 6, ஞாயிறு
விடிகாலை, ஹொஸ்கோட்டை தாண்டி ஆளில்லாத ரோடு. 80-லிருந்து 20 வரை, முழுசாக நிறுத்தாமல், பத்துத் தடவை. பேட் செட் ஆகும்போது கருகின வாசனை வரும், பயப்படாதே என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் நந்தி மலையில் வந்த அதே வாசனை. வண்டியை ஓரங்கட்டி, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்
"பிடிக்குதா?" என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே.
"பிடிக்குது."

ஏப்ரல் 12, சனி
பாப்பு பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்தாயிற்று. அவள் அம்மா இன்னும் கீழே வரவில்லை. பெடலை மூன்று தடவை அமுக்கிப் பார்த்துவிட்டேன். லிஃப்ட் நாலாவது மாடியில்