45 மில்லிமீட்டர் டைட்டானியம்

வாட்ச் விளம்பரங்களில் டைட்டானியத்துக்கு 'விமான உலோகம்' என்று ஒரு பட்டம். ஓசூர் சிப்காட்டில், கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் வெட்டும் சிஎன்சி மெஷினோடு காலம் தள்ளுகிற எனக்கு அது இன்செர்ட்டை, அதாவது டூலின் வெட்டு முனையை, தின்னும் உலோகம். ஸ்டீல் ஜாப் ஓடுகிற வேகத்தில் பாதிகூட வைக்க முடியாது. வெட்டும்போது பிறக்கிற சூடு, சீவி விழும் சுருளோடு வெளியே போகாமல் டூல் முனையிலேயே தங்கிவிடும். கூலன்ட் குழாய் கொஞ்சம் விலகியிருந்தால் போச்சு, முனை மழுங்கிவிடும். மெல்லிய சுருள்கள் குவிந்து கிடந்தால் தீப்பிடிக்கிற ஆபத்து வேறு. அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணல்தான் போட வேண்டும். அதனால் ஒரு டைட்டானியம் வாட்சை யாராவது நீட்டினால் என் கண் முள்ளுக்குப் போகாது, கேஸின், அதாவது வெளிக்கூட்டின், ஓரத்துக்குத்தான் போகும்.

இப்போது நான் கட்டிக்கொண்டிருப்பது ஜெர்மனியின் ஸ்டோவா டிஓ1. 2012-ல் வந்த மாடல். விட்டம் 45 மில்லிமீட்டர். ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிற என் மச்சினன், அங்கே ஒருவர் கட்டிப் பழகியதை வாங்கிக்கொண்டு வந்தான். டப்பாவைத் திறந்ததும், "மாமா, இதைக் கையில கட்டப் போறீங்களா, சுவத்துல மாட்டப் போறீங்களா?" என்றான். நியாயமான கேள்விதான். என் மணிக்கட்டு அப்படியொன்றும் பெரிதில்லை.

லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நுண்ணிய மணிகளை வேகமாக அடித்துப் பரப்பை மங்கலாக்கும் பீட் பிளாஸ்டிங் செய்த சாம்பல் நிறம், எங்கேயும் பளபளப்பு கிடையாது. பட்டை மாட்டும் காதுகள் கேஸோடு சேரும் உள்மூலையில்தான் வழக்கமாகக் குட்டு வெளிப்படும். அங்கே டூல் நின்று திரும்பியிருந்தால் சின்னப் படிக்கட்டு மாதிரி ஒரு தடம் விழும். பிளாஸ்டிங் அதை மங்கச் செய்யுமே தவிர முழுக்க மறைக்காது. இதில் நாலு மூலையும் ஒரே வளைவு, பர் என்கிற வெட்டுப் பிசிறு ஒன்றுகூட இல்லை. யாரோ பொறுமையாக, அவசரமில்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். பின்மூடியை மட்டும் நான் தொடுவதாக இல்லை. டைட்டானியம் மரை மேல் டைட்டானியம் மரை, மசகில்லாமல் திருகினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சரி, ஏன் இவ்வளவு பெரிசு? அதற்கு 1940-க்குப் போக வேண்டும். ஜெர்மன் விமானப்படைக்காக ஐந்து கம்பெனிகள் ஒரே அளவுகோலில் வாட்ச் செய்து கொடுத்தன: லாங்கே, லாக்கோ, ஸ்டோவா, வெம்பே, சுவிட்சர்லாந்தின் ஐடபிள்யூசி. விட்டம் 55 மில்லிமீட்டர். கறுப்பு முகம், 12 இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணமும் இரண்டு புள்ளிகளும். கனத்த விமானக் கோட்டின் கைக்கு மேலே கட்டுவதற்காக நீளமான தோல் பட்டை. கையுறை போட்ட விரலால் திருகுவதற்காகப் பெரிய சாவி. பறப்பதற்கு முன் சாவியை இழுத்தால் விநாடி முள் நின்றுவிடும், சரியான நேரத்தோடு ஒத்துப் போட்டுக்கொள்ளலாம்.

விமானியின் வாட்ச் என்று இதைச் சொல்கிறோம், ஆனால் இது முக்கியமாக வழி கணக்கிடும் நேவிகேட்டருக்காகச் செய்தது. மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானம் ஒரு விநாடியில் 100 மீட்டர் போய்விடும். இருட்டில், கீழே தரை தெரியாதபோது, எந்தத் திசையில் எத்தனை நிமிடம் பறந்தோம் என்ற கணக்குதான் அவனுக்கு வரைபடம். அங்கே மணியை விட நிமிடம் முக்கியம். அதனால்தான் 1941-ல் வந்த இரண்டாம் வகை டயலில் வெளிவட்டம் முழுக்க 5, 10, 15 என்று நிமிடங்கள். மணி எண்கள் உள்ளே ஒரு சின்ன வளையத்துக்குள் போய்விட்டன.

இந்த டயலைப் போட்டு விற்கிற எல்லாரும் 'பாரம்பரியம்' என்கிறார்கள். யாருடைய விமானப்படை, அந்த நேவிகேட்டர் எந்த ஊருக்கு வழி கணக்கிட்டான் என்பதை மட்டும் கேட்லாக்கில் தேடினாலும் கிடைக்காது. ஸ்டோவாவும் லாக்கோவும் இருந்த ஊர் போர்ட்ஸ்ஹைம். 1945 பிப்ரவரி 23 இரவு பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் வந்து அந்த ஊரைக் கிட்டத்தட்ட தரைமட்டமாக்கின. பதினேழாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். அந்த விமானங்களிலும் வாட்சைப் பார்த்து வழி சொல்ல ஆட்கள் இருந்தார்கள். இந்த டயல் எனக்குப் பிடிக்கும். இவ்வளவு தெளிவான முகம் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் அதைச் சுற்றி வீர வசனம் எழுதுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

டைட்டானியத்துக்கு வருவோம். சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் என்பதற்காக விமானத்தில் அதைப் போடுகிறார்கள். விமானி மணிக்கட்டில் அந்தச் சூடும் இல்லை, அழுத்தமும் இல்லை. வாட்சுக்குள் அது வந்த வழி வேறு. 1970-ல் சிட்டிசன் முதல் டைட்டானியம் கைக்கடிகாரத்தைச் செய்தது. 1980-ல் போர்ஷே டிசைனுக்காக ஐடபிள்யூசி டைட்டானியத்தில் குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரம், செய்தது. அப்புறம் ஜெர்மன் கடற்படையில் கண்ணிவெடி அகற்றும் முக்குளிப்பவர்களுக்கும் அதே ஐடபிள்யூசி டைட்டானியத்தில் வாட்ச் செய்து கொடுத்தது. அங்கே காரணம் உயிர்க் காரணம்: சில கண்ணிவெடிகள் காந்தப்புலம் மாறினாலே வெடிக்கும், டைட்டானியமோ காந்தத்துக்கு மசியாது.

விமானத்தில் அந்த அளவுக்குக் கெடுபிடி இல்லை. ஆனாலும் எல்லாக் கருவியும் செத்தால் கடைசியில் மிஞ்சுவது திசைகாட்டி. 2012-ல் ஆகன் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் வகுத்த டெஸ்டாஃப் என்ற தரத்தில் அதற்கும் ஒரு விதி உண்டு: வாட்சால் திசைகாட்டி முள் பிசகக் கூடாது. ஒரு மீட்டர் தூரத்தில் இருந்து பகலிலும் இருட்டிலும் நேரம் தெரிய வேண்டும், எரிபொருள், எண்ணெய் பட்டால் கெடக் கூடாது என்று இன்னும் பல சோதனைகள். அதில் முதலில் தேறியவற்றில் டிஓ1 ஒன்று. 2016-ல் அந்த வேலை டிஐஎன் 8330 என்ற ஜெர்மன் தர நிர்ணயமாகவே ஆகிவிட்டது.

இதற்கெல்லாம் டைட்டானியம்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வாட்சுகளில் வழக்கமாகப் போடும் 316எல் ரக ஸ்டீலும் காந்தத்துக்கு லேசில் மசியாது. என் கணக்கு எளிமையானது. டைட்டானியத்தின் அடர்த்தி 4.5, ஸ்டீல் 8-க்குப் பக்கம். பாரம்பரியம் என்ற பெயரில் இவ்வளவு பெரிய முகத்தை வைத்துவிட்டார்கள். அதை ஸ்டீலில் செய்து ஷிஃப்ட் முழுக்கக் கட்டினால் கை வலிக்கும். இது கட்டியிருப்பதே மறந்துபோகிறது. ஏப்ரல் வெயிலில் வியர்த்தாலும் தோலில் அரிப்பு இல்லை, குளிர்காலக் காலையில் சுரீரென்று குளிர்வதும் இல்லை.

கீறல் விழும், அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். பிளாஸ்டிங் பரப்பில் கதவுத் தாழ்ப்பாள் உரசினால்கூட பளிச்சென்று ஒரு கோடு. பாலிஷ் போடலாமா என்று கடையில் கேட்காதீர்கள், அந்த இடம் மட்டும் சொட்டையாகத் தெரியும். விட்டுவிடுங்கள், நாளாக நாளாகக் கொஞ்சம் மங்கும்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு: மணிக்கட்டு 17 சென்டிமீட்டருக்குள் என்றால் 40 மில்லிமீட்டரிலேயே இதே மாதிரி டயல்கள் கிடைக்கின்றன, அதைப் பாருங்கள். முழுக்கை சட்டை போடுகிறவர் என்றால் இரட்டிப்பு யோசனை தேவை. பொத்தானைப் போட்ட பிறகு இதன் மேல் சட்டைக் கை ஏறவே ஏறாது.