இரண்டு கட்சிக்கும் ஆகாத செனட்டர்: பென்சில்வேனியா நாட்குறிப்பு

2009 மார்ச் 25, புதன்

குயினிப்பியாக் பல்கலைக்கழகத்தின் கருத்துக்கணிப்பு வந்துவிட்டது. செனட் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த வருட உட்கட்சித் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சிக்காரர்களைக் கேட்டிருக்கிறார்கள். முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் பாட் டூமிக்கு 41 சதவீதம், இப்போதைய செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டருக்கு 27. டூமி போட்டியிடுவதாக இன்னும் முறைப்படி அறிவிக்கக்கூட இல்லை. ஸ்பெக்டரோ 1980லிருந்து ஐந்து முறை ஜெயித்தவர். இந்த மாநிலத்திலிருந்து போய் இவ்வளவு காலம் செனட்டில் இருந்தவர் வேறு யாரும் கிடையாது.

காரணம் ஊருக்கே தெரியும். போன மாதம் ஒபாமாவின் 787 பில்லியன் டாலர் பொருளாதார ஊக்கச் சட்டத்துக்கு செனட்டில் ஆதரவாக ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சியினர் மூன்றே பேர். மெய்ன் மாநிலத்து ஸ்னோ, காலின்ஸ், அப்புறம் இவர். மற்ற இருவருக்கும் தேர்தல் வர வருடக்கணக்கு இருக்கிறது. இவருக்கு அடுத்த வருடமே.

அந்தச் சட்டத்தில் என்.ஐ.எச். என்னும் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்துக்கு 10 பில்லியன் டாலர் வாங்கித் தந்தவர் ஸ்பெக்டர்தான். அவர் கேட்டிராவிட்டால் அவ்வளவு வந்திருக்காது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அவர் சம்பளம் எந்த மானியத்திலிருந்து வருகிறது, எந்த மாதம் வரை வரும் என்று எழுதியிருக்கும். ஜனவரியில் என் பெயருக்கு எதிரே இருந்த மாதத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அதனால் எனக்கு இந்த மனிதர் மேல் ஒரு சார்பு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

2009 ஏப்ரல் 28, செவ்வாய்

கட்சி மாறிவிட்டார்! மதியம் ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே கணினி முன்னால் கூடிவிட்டோம்.

அறிக்கையில் சுற்றி வளைக்கவே இல்லை. ஊக்கச் சட்ட ஓட்டு தனக்கும் கட்சிக்கும் நடுவே சேர்க்க முடியாத பிளவை உண்டாக்கிவிட்டது, தன்னுடைய 29 வருடப் பணியைப் பென்சில்வேனியா குடியரசுக் கட்சியின் உட்கட்சி வாக்காளர்கள் எடைபோட விடமாட்டேன் என்கிறார். நாலு நாளைக்கு முன் வந்த ராஸ்முசன் கணிப்பில் டூமி 51, இவர் 30. அதைப் பார்த்தபிறகு எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது.

வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கும் நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் எதுவும் இல்லை. பதவியை விடாமலே கட்சி மாறலாம். ஆனால் பென்சில்வேனியாவின் உட்கட்சித் தேர்தல் மூடிய தேர்தல். அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே ஓட்டு. 2004ல் இதே டூமியை இவர் சுமார் 17,000 ஓட்டில்தான் தாண்டினார். அதற்குப் பிறகு இரண்டு லட்சம் பேர் குடியரசுக் கட்சியை விட்டு ஜனநாயகக் கட்சிக்குப் பதிவை மாற்றிக்கொண்டதாக அவரே சொல்கிறார். இவரைக் காப்பாற்றிய மிதவாதிகள்தான் அவர்களில் பெரும்பாலானவர்கள்.

எதிர்வீட்டு அம்மையார் அவர்களில் ஒருவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, நாற்பது வருடம் குடியரசுக் கட்சி. போன ஏப்ரலில் ஒபாமாவா ஹிலரியா என்று ஓட்டுப் போடுவதற்காகப் பதிவை மாற்றினார், திரும்பப் போகவில்லை. "நான் போனேன், பின்னாலேயே ஆர்லனும் வந்துவிட்டார்" என்றார் சாயங்காலம். சந்தோஷமாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

2009 மே 6, புதன்

நேற்று இரவு செனட் அவருடைய பணி மூப்பைப் பறித்துவிட்டது. குழுக்களில் ஜனநாயகக் கட்சியின் கடைசி நாற்காலி. நீதித்துறைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர், புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டே 2005ல் அந்தக் குழுவை நடத்தியவர், இப்போது நேற்று வந்தவர்களுக்குப் பின்னால் உட்கார வேண்டும். வரவேற்கிறோம் என்று வாசல் வரை வந்த கட்சி, பந்தியில் கடைசி இலையைப் போட்டிருக்கிறது.

2009 ஆகஸ்ட் 4, செவ்வாய்

எங்கள் தொகுதியின் ஜனநாயகக் கட்சிக் காங்கிரஸ் உறுப்பினர் ஜோ செஸ்டாக், ஸ்பெக்டரை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நிற்பதாக இன்று அறிவித்தார். ஒபாமா, துணை ஜனாதிபதி பைடன், ஆளுநர் எட் ரெண்டல் என்று பெரிய தலைகள் எல்லாம் ஸ்பெக்டர் பக்கம். ரெண்டல், ஸ்பெக்டர் பிலடெல்பியாவின் மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். இத்தனை பேர் சொல்லியும் செஸ்டாக் ஒதுங்கவில்லை.

வீட்டுக்காரருக்கு செஸ்டாக்தான். கடற்படையில் அட்மிரலாக இருந்தவர், மகளுக்கு மூளைப் புற்றுநோய் வந்தபோது கடற்படையின் மருத்துவக் காப்பீடு கைகொடுத்ததால் எல்லோருக்கும் அது வேண்டும் என்று அரசியலுக்கு வந்தவர். "இவர் கட்சிக்காக வந்தார். அவர் பதவிக்காக வந்தார்" என்கிறார் வீட்டுக்காரர். குடியுரிமை வாங்கிவிட்டதால் ஓட்டுரிமை அவருக்குத்தான். எனக்கு கிரீன் கார்டு மட்டும். "வந்த காரணத்தை விடுங்க, செய்த வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சாதம் வைக்கப் போனேன்.

2009 ஆகஸ்ட் 12, புதன்

பென்சில்வேனியாவின் லெபனான் ஊரில் நேற்று ஸ்பெக்டர் நடத்திய பொதுக்கூட்டத்தை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். ஒபாமா கொண்டுவரப் பார்க்கும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் மேல் வந்தவர்களுக்குக் கோபம். ஒருவர் எழுந்து அவர் முகத்துக்கு நேரே வந்து கத்துகிறார். தள்ளிவிட வந்தவர்களை ஸ்பெக்டர் தடுக்கிறார். 79 வயது. மைக்கைப் பிடித்தபடி அசையாமல் நின்று, கத்தி முடியும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பிடித்திருந்தது.

2010 பிப்ரவரி 7, ஞாயிறு

மாநில ஜனநாயகக் கட்சிக் குழு நேற்று ஸ்பெக்டரை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. நிர்வாகிகளின் ஆதரவு. ஓட்டுப் போடுகிறவர்கள் வேறு.

2010 ஏப்ரல் 8, வியாழன்

குயினிப்பியாக் புதுக் கணிப்பு: ஸ்பெக்டர் 53, செஸ்டாக் 32. ஆய்வகத்தில் கைதட்டினார்கள். எனக்கு முழு நிம்மதி இல்லை. செஸ்டாக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்கிறவர்கள் மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறார், கடைசி வாரங்களில் டிவியில் இறக்குவார் என்று வீட்டுக்காரர் நம்பிக்கையோடு இருக்கிறார்.

2010 மே 9, ஞாயிறு

இறக்கிவிட்டார். முப்பது நொடி விளம்பரம், வாரம் முழுக்க ஓடுகிறது. ஜார்ஜ் புஷ் மேடையில் நின்று ஸ்பெக்டரைப் புகழ்கிறார். அப்புறம் கட்சி மாறிய சமயத்தில் ஸ்பெக்டர் கேமரா முன்னால் தானே சொன்ன வாக்கியம்: கட்சி மாறினால் தன்னால் மறுபடி ஜெயிக்க முடியும் என்று. அதையே மறுபடியும் போடுகிறார்கள். அவர் காப்பாற்ற நினைத்த ஒரே வேலை அவருடைய வேலைதான், உங்களுடையது அல்ல என்று முடிகிறது.

வேலை இல்லாமல் இத்தனை பேர் இருக்கிற வருடத்தில் இதைவிடக் கூர்மையான விளம்பரம் செய்ய முடியாது. எனக்குக் கோபம் ஸ்பெக்டர் மேல். ஊக்கச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டது தன் பதவிக்கே ஆபத்து என்று தெரிந்தும் செய்த காரியம். அதனால்தானே சொந்தக் கட்சி அவரைக் கைவிட்டது! அதைச் சொல்லியிருக்கலாம். 1998க்கும் 2003க்கும் நடுவே அயோவாவின் டாம் ஹார்கினோடு சேர்ந்து என்.ஐ.எச். நிதியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியதைச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு இருக்கும்போது, ஜெயிப்பதற்காக மாறினேன் என்றா சொல்வது? வக்கீல் புத்தி. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி மாட்டிக்கொண்டார்.

எதிர்வீட்டு அம்மையாரிடம் கேட்டேன். "1991ல் உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட கிளாரன்ஸ் தாமஸ் மேல் பாலியல் தொல்லைப் புகார் சொன்ன அனிதா ஹில்லை அவர் குறுக்கு விசாரணை செய்ததை நான் மறக்கவில்லை. அதன் பிறகும் சில வருடம் கோபமாக இருந்துவிட்டு ஓட்டுப் போட்டேன். இந்த முறை தெரியவில்லை" என்றார். 1987ல் ரீகன் நியமித்த ராபர்ட் போர்க்கை உச்ச நீதிமன்றத்துக்குப் போகவிடாமல் எதிர்த்து ஓட்டுப் போட்டதற்காகப் பழைய கட்சிக்காரர்கள் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. புதுக் கட்சிக்காரர்கள் கையில் அனிதா ஹில் கணக்கு. முப்பது வருடம் நடுவில் நின்றவருக்கு இரண்டு பக்கமும் கடன்.

2010 மே 12, புதன்

குயினிப்பியாக் கணிப்பு: ஸ்பெக்டர் 44, செஸ்டாக் 42. ஒரு மாதத்தில் 21 புள்ளி முன்னிலை இரண்டாகிவிட்டது. திங்களன்று ஒபாமா எலீனா கேகனை உச்ச நீதிமன்றத்துக்கு அறிவித்திருக்கிறார். போன வருடம் குடியரசுக் கட்சியில் இருந்தபோது அதே கேகனை அரசுத் தலைமை வழக்கறிஞர் பதவிக்கு வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர் ஸ்பெக்டர். அதை இப்போது செஸ்டாக் ஆட்கள் விடுவார்களா?

2010 மே 18, செவ்வாய்

மழை. பிலடெல்பியாவில் ஓட்டு நிறைய விழுந்தால்தான் ஸ்பெக்டர் தப்பிப்பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நேற்றைய கடைசிக் கணிப்பில் செஸ்டாக் 42, இவர் 41.

ஒபாமா இன்று ஒகாயோவின் யங்ஸ்டவுனுக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் பேசிவிட்டுப் போனார். பென்சில்வேனியா எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. கடைசி நாட்களில் அவர் இங்கே மேடை ஏறவில்லை. மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு செனட்டில் தேவைப்பட்ட 60 ஓட்டில் ஒன்று ஸ்பெக்டருடையது. காரியம் முடிந்தது, ஆளைக் கைகழுவிவிட்டார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

வீட்டுக்காரர் வேலைக்குப் போகும் வழியில் ஓட்டுப் போட்டுவிட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

2010 மே 19, புதன்

செஸ்டாக் 54, ஸ்பெக்டர் 46. இரவு ஓட்டலில் குடும்பத்தோடு மேடைக்கு வந்து, செஸ்டாக்கை ஆதரிப்பேன் என்று சொல்லி, மக்களுக்கு நன்றி சொல்லி, சில நிமிடத்தில் இறங்கிவிட்டார்.

எதிர்வீட்டு அம்மையார் செஸ்டாக்குக்குத்தான் போட்டாராம். "நவம்பரில் பொதுத் தேர்தலாக இருந்தால் ஆர்லனுக்குப் போட்டிருப்பேன்" என்றார். மாநிலத்தில் இவரைப் போல எத்தனையோ பேர். ஆனால் நவம்பர் வரை போகவிடாமல் ஒரு கட்சி துரத்தியது, இன்னொரு கட்சி தடுத்தது.

ஜனவரி வரை அவர் செனட்டில் இருக்கிறார். ஆய்வகத் தலைவரிடம் பேசினேன்: அவருக்கு ஒரு நன்றிக் கடிதம், எல்லோரும் கையெழுத்துப் போடுவதாக. செஸ்டாக்குக்கும் டூமிக்கும் வேறு கடிதம். ஊக்கச் சட்டப் பணம் இரண்டு வருடத்துக்குத்தான், அது தீர்ந்தபிறகு என்.ஐ.எச். நிதிக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நேரடியாகக் கேட்டு. சனிக்கிழமை உட்கார்ந்து எழுதிவிடுவேன்.