புறாவும் தூக்க மருந்தும்

தூக்க மருந்து கொடுத்தால் மந்தமாகும், ஊக்க மருந்து கொடுத்தால் துள்ளும் என்றுதானே நினைப்போம்? 1955இல் ஹார்வர்டில் பீட்டர் டியூஸ் என்ற மருந்தியல் ஆய்வாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனையைப் படித்தபின் அந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிட்டது.

பசித்த புறா சுவரில் உள்ள வட்டப் பலகையைக் கொத்தினால் தானியம் வரும். அதற்கு இரண்டு விதிகள். ஒன்றில் 50 தடவை கொத்த வேண்டும். புறா மூச்சுவிடாமல் கொத்தும். இன்னொன்றில் 15 நிமிடம் கழிந்தபின் விழும் முதல் கொத்துக்குத்தான் கூலி. அதனால் முதலில் சும்மா சுற்றிவிட்டு, நேரம் நெருங்க நெருங்க வேகமெடுக்கும். (நம்ம ஆபீஸில் மாசக் கடைசி மாதிரி.)

பென்டோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தை ஒரே அளவில் கொடுத்தார். நேரக் கணக்கில் கொத்தல் சரிந்தது. எண்ணிக்கைக் கணக்கில் சரியவில்லை, அதிகமாகவே ஆனது! மருந்தும் அளவும் ஒன்றே, விதிதான் வேறு.

பிறகு ஆம்ஃபெட்டமின் வகை ஊக்க மருந்துகளிலும், விளைவு ஏற்கெனவே இருக்கும் வேகத்தைப் பொறுத்தே அமைந்தது: மெதுவாக நடப்பது வேகமாகும், வேகமாக நடப்பது குறையும்.

இந்த வேகக் கணக்கை வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்று சிலர் கிளம்பினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நெம்புகோலை அழுத்தினால் பாலோடு மின் அதிர்ச்சியும் கிடைக்கும் எலி, பயந்து அரிதாகத்தான் அழுத்தும். ஃபீனோபார்பிட்டால் என்ற தூக்க மருந்து அந்த அழுத்தலைக் கூட்டியது. வேகக் கணக்குப்படி மெதுவான அழுத்தலைக் கூட்டியிருக்க வேண்டிய ஆம்ஃபெட்டமினோ இன்னும் குறைத்தது. இது 1960இல் கெல்லர், சீஃப்டர் இருவரும் கண்டது.